புதிய ஃபேண்டஸி நாவலுக்கு வாசகர் போட்டியா, வெளியீட்டு அறிவிப்பா?

கையில் ஒரு ஃபேண்டஸி நாவலின் முதல் பாகம் இருக்கிறது. எழுதியவருக்கு இதுவே முதல் புத்தகம். 300 பிரதிகள் அச்சடிக்கப் போகிறார்கள். விளம்பரத்துக்கென்று ஒதுக்க முடிந்தது 15,000 ரூபாய். ஜனவரிப் புத்தகக் காட்சிக்குள் புத்தகம் வந்துவிட வேண்டும். சிறு பதிப்பகங்களுக்கு வெளியீட்டு வேலைகளில் கைகொடுப்பவன் என்பதால் அக்டோபர் வாக்கில் இந்தக் கேள்வி எப்படியும் என்னைத் தேடி வந்துவிடும்: "அட்டைப்படத்தைப் போட்டு அறிவிச்சு முன்பதிவு வாங்கிடலாமா? இல்ல, வாசகர்களுக்குப் போட்டி ஏதாவது வைக்கலாமா?"

இரண்டையும் செய்யுங்கள் என்று சொல்வது சுலபம். 15,000 ரூபாயை இரண்டாகப் பிரித்தால் இரண்டுமே அரைகுறையாக நின்றுவிடும். பணத்தைவிடப் பெரிய செலவு, எழுத்தாளர் இதற்காகக் கொடுக்கப்போகும் ஒரு மாதம். வேலைக்குப் போய்க்கொண்டு, இரவில் மெய்ப்புத் திருத்திக்கொண்டு இருப்பவருக்கு அந்த ஒரு மாதம் திரும்ப வராது. ஆகவே எதற்கு முதலிடம் என்று முடிவு செய்துதான் ஆக வேண்டும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் பாகத்துக்குப் போட்டி, இரண்டாம் பாகத்துக்கு அறிவிப்பு. ஆனால் போட்டி என்ற பெயரில் வழக்கமாக நடத்தப்படுவது எதையும் நான் பரிந்துரைக்கவில்லை. அதைப் பின்னால் விளக்குகிறேன்.

அறிவிப்பு யாரைப் போய்ச் சேர்கிறது

அறிவிப்புக்கு எவ்வளவு வலு உண்டு என்பதை உலகம் 2022 மார்ச் 1 அன்று பார்த்தது. அமெரிக்க ஃபேண்டஸி எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் அன்று யூடியூபில் ஒரு காணொளி போட்டார். பெருந்தொற்றுக் காலத்தில் வெளியே சொல்லாமல் நான்கு நாவல்கள் எழுதி வைத்திருக்கிறேன், பொதுமக்களிடம் முன்பணம் திரட்ட உதவும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் பணம் கட்டுகிறவர்களுக்கு அடுத்த ஆண்டு அனுப்பிவைக்கிறேன் என்றார். இலக்கு 10 லட்சம் டாலர். அந்த மாதம் முடியும்போது சேர்ந்திருந்தது 4 கோடியே 17 லட்சம் டாலர். பணம் கட்டியவர்கள் 1,85,000 பேருக்கும் மேல். குலுக்கல் கிடையாது, வினாடி வினா கிடையாது. நாவல்களைக்கூட 'ரகசியத் திட்டம்' என்று எண் போட்டுத்தான் அறிவித்தார். அதற்கே இவ்வளவு கூட்டம்.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு "நாமும் ஒரு நல்ல அறிவிப்புக் காணொளி எடுத்தால் போதும்" என்று வருகிறவர்களிடம் நான் ஒரு தேதியைச் சொல்வேன். சாண்டர்சனின் முதல் நாவல் வெளிவந்தது 2005இல். அந்த மார்ச் மாதம் வந்த பணம் பதினேழு ஆண்டு நம்பிக்கைக்கு வந்த பணம். அறிவிப்பு அந்த நம்பிக்கையை ஒரே நாளில் கூப்பிட்டது, அவ்வளவுதான். ஏற்கெனவே காத்திருப்பவருக்குத்தான் அறிவிப்பு செய்தியாகிறது. காத்திருக்காதவருக்கு அது கைபேசித் திரையில் கடந்துபோகும் இன்னொரு படம்.

புது எழுத்தாளரின் அட்டைப்பட அறிவிப்பைப் பார்ப்பது யார்? கல்லூரித் தோழர்கள், அலுவலகத்தார், சித்தப்பா, அத்தை மகன். எல்லோரும் மனதார வாழ்த்துவார்கள். பாசத்தில் ஒரு பிரதி வாங்கவும் செய்வார்கள். அந்தப் பாசத்தை நான் குறைத்துப் பேசவில்லை. பல புத்தகங்களின் அச்சுக்கூலி அதில்தான் திரும்பியிருக்கிறது. ஆனால் அவர்களில் ஃபேண்டஸி படிக்கிறவர்கள் எத்தனை பேர்? புத்தகம் அலமாரிக்குப் போய்விடும். படிக்காத புத்தகத்தைப் பற்றி யாரும் இன்னொருவரிடம் பேசுவதில்லை.

ஃபேண்டஸிக்கு இதில் தனியாக ஒரு சிக்கலும் உண்டு. கீழத்தஞ்சை விவசாயக் கூலிகளின் மூன்று தலைமுறைக் கதை என்று ஒரு வரி சொன்னால் சமூக நாவல் வாசகருக்கு மனதில் வயலும் வரப்பும் வந்துவிடும். "ஏழு தீவுகள், அழிந்துபோன ஒரு குலம், சபிக்கப்பட்ட ஒரு வாள்" என்று சொன்னால் எதுவும் வராது. அந்த உலகம் இன்னும் அவருக்குள் இல்லை. பெயர்கள் எல்லாம் புதிது. பின்னட்டை வாசகத்தை எவ்வளவு செதுக்கினாலும் ஒரு ஃபேண்டஸி நாவல் இன்னொன்றைப் போலவே ஒலிக்கும். நல்ல அட்டையும், அதைவிட முக்கியமாக ஒரு நல்ல வரைபடமும் கொஞ்சம் உதவும். ஆனாலும் உள்ளே நுழைந்து பார்க்காத ஊருக்கு யாரும் ஏங்க மாட்டார்கள்.

பிறகு காலம். பதிப்பாளர், புத்தக விற்பனையாளர் சங்கமான பபாசி 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி நடப்பதால், பெரும்பாலான தமிழ்ப் பதிப்பகங்கள் புது நூல்களை அதற்காகவே சேர்த்து வைக்கின்றன. டிசம்பர் பிறந்தால் எல்லார் பக்கத்திலும் அட்டைப்படம்தான். காலையில் நீங்கள் போட்டது மாலைக்குள் பத்து அட்டைகளுக்கு அடியில் போய்விடும். அந்தக் கூட்டத்தில் அறிமுகமில்லாத பெயர் நிற்பது கடினம். அறிவிப்புதான் என்று முடிவெடுத்தால், அதை ஆகஸ்டிலோ பிப்ரவரியிலோ செய்யுங்கள் என்றுதான் சொல்வேன்.

முன்பதிவுக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். விலை 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். புத்தகக் காட்சியில் எந்த ஸ்டாலிலும் 10 சதவீதம் கழிவு கிடைக்கும் என்று வாசகருக்குத் தெரியும். அதைத் தாண்டினால்தான் முன்பதிவு செய்வார். 300 ரூபாய்க்குக் கொடுக்கிறீர்கள். அச்சுக்கு 160. உறை, அஞ்சல் சேர்த்து 60. நூல்களைக் குறைந்த கட்டணத்தில் அனுப்ப உதவிய பதிவுப் புத்தக அஞ்சல் 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டதிலிருந்து இந்த 60ஐக் கட்டிக்காப்பதே பெரும் பாடாக இருக்கிறது. மிஞ்சுவது 80. அதில் எழுத்தாளருக்கு உரிமைத்தொகை போக என்ன இருக்கும்? முன்பதிவின் உண்மையான லாபம் வேறு. அச்சுக்குப் போகும் முன்பே கையில் கொஞ்சம் பணம் வரும், எத்தனை பிரதி என்று தெரியும். வேண்டும்போது வேண்டிய அளவு மட்டும் அச்சடிக்கும் பிஓடி முறை வந்த பிறகு அந்த நன்மையும் பாதியாகிவிட்டது. ஐம்பது வேண்டுமென்றால் ஐம்பது அடிக்கலாம்.

இன்னொரு எச்சரிக்கை. தேதியை அறிவித்துவிட்டால் அது வாக்குறுதி. அமேசான் கிண்டிலில் மின்னூலுக்கு ஓராண்டு முன்பிருந்தே முன்பதிவு வைக்கலாம். ஆனால் அறிவித்த நூலை ரத்து செய்தால் அடுத்த ஓராண்டுக்கு முன்பதிவு வசதியையே எடுத்துவிடுவார்கள். கோபித்துக்கொண்ட வாசகர் ஓராண்டில் திரும்பி வருவார் என்பதற்கு அந்த உத்தரவாதம்கூட இல்லை.

போட்டி என்றால் எந்தப் போட்டி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பதிப்பகத்துக்காக நான் செய்த தவறிலிருந்து தொடங்குகிறேன். பதிவைப் பகிர வேண்டும், மூன்று நண்பர்களை டேக் செய்ய வேண்டும், குலுக்கலில் ஒருவருக்கு ப்ளூடூத் இயர்போன். அந்தப் பதிப்பகத்தின் பக்கம் அதற்கு முன் கண்டிராத அளவுக்குக் கூட்டம் வந்தது. எங்களுக்கு அவ்வளவு மகிழ்ச்சி. குலுக்கல் முடிந்த மறுவாரம் கூட்டம் கலைந்துவிட்டது. பரிசு பெற்றவருக்கு நாவலின் பெயர் நினைவில்லை. அவர்மேல் குற்றமே இல்லை. நாங்கள் இயர்போன் வேண்டியவர்களைக் கூப்பிட்டோம், அவர்கள் வந்தார்கள். புத்தகத்தை ஆசை ஆசையாக எழுதியவர் அந்தப் பகிர்வு எண்ணிக்கையை நம்பிக் கூடுதலாக அச்சடிக்கச் சொன்னதுதான் இன்றும் எனக்கு உறுத்துகிறது.

"புத்தகம் வாங்குவோரில் குலுக்கல் முறையில் ஒருவருக்குத் தங்க நாணயம்" என்பது இன்னும் ஆபத்து. பிஸ்கட் உறைகளிலும் சோப்பு அட்டைகளிலும் 'தமிழ்நாட்டில் இத்திட்டம் செல்லாது' என்று பொடி எழுத்தில் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணம் 1979ஆம் ஆண்டின் தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம். பொருள் வாங்கியவர்களுக்கு அதிர்ஷ்டத்தின் பேரில் பரிசு என்பதை அது தடுக்கிறது. புத்தகமும் பொருள்தான். அமெரிக்காவிலும் பணம் கட்டுதல், அதிர்ஷ்டம், பரிசு மூன்றும் சேர்ந்தால் அது லாட்டரி. அதனால்தான் அங்கே எல்லாக் குலுக்கலிலும் 'வாங்கத் தேவையில்லை' என்று எழுதியிருக்கும். ஆகவே வாங்குவதையும் குலுக்கலையும் ஒருபோதும் முடிச்சுப் போடாதீர்கள். திறமையைப் பார்த்துத் தருகிற பரிசு, நுழைவுக் கட்டணம் இல்லாத போட்டி என்றால் நெஞ்சில் பாரமின்றி நடத்தலாம்.

புத்தகத்தையே பரிசாகத் தரும் குலுக்கல் சற்று மேல். வாசகர்கள் நூல்களைப் பட்டியலிட்டு மதிப்பிடும் குட்ரீட்ஸ் தளம் இதை நெடுங்காலம் இலவசமாக நடத்திவிட்டு, 2018 ஜனவரியில் கட்டணமாக்கியது. சாதாரணத் திட்டத்துக்கு 119 டாலர், உயர் திட்டத்துக்கு 599 டாலர். அப்போது அமெரிக்க வாசகர்கள் மட்டுமே கலந்துகொள்ள முடியும் என்பதால் தமிழ்ப் புத்தகத்துக்கு அது ஆகிற காரியம் இல்லை. ஆனால் அதன் அமைப்பில் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. கலந்துகொண்ட ஒவ்வொருவரின் 'படிக்க விரும்பும்' பட்டியலிலும் அந்த நூல் தானாகச் சேர்ந்துவிடும். பரிசு நூறு பேருக்குத்தான் என்றாலும் தோற்றவர்களிடமும் புத்தகத்தின் பெயர் தங்குகிறது. நம் போட்டியிலும் தோற்றவரிடம் என்ன தங்குகிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். இயர்போன் குலுக்கலில் தங்கியது ஒன்றுமில்லை.

தோற்றவர்களைப் பற்றிப் பேசும்போது எஸ்பிஎஃப்பிஓ போட்டியைச் சொல்லாமல் போக முடியாது. சொந்தமாக வெளியிடப்பட்ட ஃபேண்டஸி நாவல்களுக்காக எழுத்தாளர் மார்க் லாரன்ஸ் 2015இல் தொடங்கியது அது. ஏறத்தாழ 300 நாவல்கள், பத்து விமர்சனக் குழுக்கள். ஒவ்வொரு குழுவும் தன் பங்குக்கு வந்த முப்பதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். அந்தப் பத்தையும் பத்துக் குழுக்களும் படித்து மதிப்பெண் போடும். நுழைவுக் கட்டணமும் இல்லை, பரிசுப் பணமும் இல்லை. 2016இல் நடந்த இரண்டாம் போட்டியில் ஜோனதன் ஃப்ரெஞ்ச் வென்றார். ஆனால் எனக்கு அந்த ஆண்டு முக்கியமாவது வேறொருவரால். ஜோசையா பான்கிராஃப்ட் 2013இல் தானே வெளியிட்டிருந்த நாவல் அதே போட்டியில் இறுதிச் சுற்றுக்கே வரவில்லை. வெளியேறிய பிறகு மார்க் லாரன்ஸ் அதைப் படித்தார், பிடித்துப்போய், கேட்டவரிடமெல்லாம் சொன்னார். 2018இல் ஆர்பிட் என்ற பெரிய பதிப்பகம் அதை வெளியிட்டது. அந்த நாவலை மேலே கொண்டுபோனது யாரோ ஒருவர் உட்கார்ந்து முழுதாகப் படித்ததுதான். போட்டி அந்தப் படிப்புக்கு ஒரு காரணத்தை உண்டாக்கிக் கொடுத்தது.

நான் போட்டியின் பக்கம் நிற்பது இதனால்தான். படிக்க வைக்கிற போட்டி என்றால் நடத்துங்கள். படிக்காமலே வெல்ல முடிகிற போட்டி என்றால் அந்தப் பணத்தை அறிவிப்பில் போடுங்கள், அதுவாவது கண்ணியமாக இருக்கும்.

வேதாளத்தின் கேள்வி

நம் வீடுகளில் ஃபேண்டஸி நுழைந்தது அம்புலிமாமா வழியாக. 1947இல் தொடங்கிய அந்தப் பத்திரிகையில் புகைப்படப் போட்டி வரும். இரண்டு படங்களைக் கொடுத்து, இரண்டுக்கும் ஒன்றோடொன்று பொருந்துகிற மாதிரி வாசகம் கேட்பார்கள். தபால் அட்டையில் எழுதி அனுப்ப வேண்டும். பரிசு சிறியது. ஆனால் அந்தப் படங்களை எத்தனை நாள் உற்றுப் பார்த்திருக்கிறோம்! அதே இதழில் வேதாளம் கதை. கதையைச் சொல்லி முடித்துவிட்டு வேதாளம் விக்கிரமனிடம் ஒரு கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். அடுத்த பத்திக்குப் போகும் முன் நாமும் ஒரு நிமிடம் நின்று யோசிப்போம். நாவலுக்கு வைக்கும் போட்டி அந்த ஒரு நிமிடத்தை வாசகரிடமிருந்து பெற வேண்டும்.

செய்முறை இதுதான். நாவலின் முதல் இரண்டு அத்தியாயங்களை இலவசமாகக் கொடுங்கள். பிடிஎஃப் போதும், கேட்கிறவர்களுக்காக எழுத்தாளரே வாசித்த ஒலிப்பதிவும் இருந்தால் நல்லது. ஒரு முடிச்சில் நிறுத்துங்கள். பிறகு ஒரே கேள்வி. "நாயகியின் வாளின் பெயர் என்ன?" என்று கேட்டால் தேடிப் பார்த்து ஐந்து நொடியில் எழுதிவிடுவார்கள். "காவலன் கோட்டைக் கதவைத் திறந்தது துரோகமா? ராணி அவனை என்ன செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். 150 சொற்களுக்குள் பதில். கூகுள் ஃபார்ம் ஒன்றே போதும். சிறந்த 40 பதில்களுக்கு, வெளியீட்டுக்கு மூன்று வாரம் முன்னதாகக் கையொப்பமிட்ட பிரதி.

ஒரு பிரதிக்கு அச்சும் அஞ்சலும் சேர்த்து 220 ரூபாய் என்றால் நாற்பதுக்கு 8,800. "300இல் 40ஐச் சும்மா கொடுப்பதா?" என்று பதிப்பாளர் முகம் சுளிப்பார். அவருடைய கவலை நியாயமானது. ஆனால் அந்த நாற்பது பேரும் உங்கள் கற்பனை ஊரைப் பற்றி 150 சொல் எழுதியவர்கள். ராணிக்காக வாதாடியவர்கள். பார்சலைப் பிரித்த அன்றே மூன்றாம் அத்தியாயத்துக்குப் போவார்கள். புத்தகக் காட்சி தொடங்கும்போது நாவலை முழுதாகப் படித்த, உங்களுக்கு உறவில்லாத சிலராவது ஊரில் இருப்பார்கள். இதை எந்த அட்டைப்பட அறிவிப்பும் வாங்கித் தராது.

இருபது பேர்கூட எழுதவில்லையென்றால்? இருபது பேருக்கும் கொடுத்துவிடுங்கள். பிறகு, அந்த இரண்டு அத்தியாயங்களை மீண்டும் படித்துப் பாருங்கள். நிறையப் பேர் இறக்கிப் படித்தும் யாருக்கும் பதில் சொல்லத் தோன்றவில்லையென்றால் முடிச்சு இறுகவில்லை என்று பொருள். அச்சுக்கு முன் இது தெரிவது எவ்வளவு பெரிய உதவி. இதற்காகவே போட்டியை இறுதி மெய்ப்புக்கு முன் முடித்துவிடச் சொல்கிறேன்.

மீதி 6,200 ரூபாயில் 5,000ஐ விமர்சனப் போட்டிக்கு வைக்கலாம். வெளியீட்டுக்கு 60 நாள் கழித்து, ஐந்து கட்டுரைகளுக்குத் தலா 1,000 ரூபாய்க்குப் புத்தகக் கூப்பன். இதில் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அமேசானில் விமர்சனம் போட்டால்தான் போட்டியில் சேர்த்தி என்று நிபந்தனை வைக்காதீர்கள். பரிசுக்கு ஈடாக எழுதப்படும் மதிப்புரையை அந்தத் தளம் அனுமதிப்பதில்லை, நீக்கிவிடும். அமெரிக்காவில் 2024 அக்டோபரிலிருந்து பாராட்டி எழுதுவதற்கென்று பரிசு தருவதே விதிமீறல். விதியை விடுங்கள், வாசகருக்குச் செய்கிற துரோகம் அது. கட்டுரையை மின்னஞ்சலில் வாங்குங்கள். குறை சொல்லும் கட்டுரைக்கும் பரிசு உண்டு என்று அறிவிப்பிலேயே எழுதுங்கள். ஐந்தில் ஒன்றாவது கடுமையான விமர்சனமாக இருந்தால் மற்ற நான்கையும் ஊர் நம்பும். விற்பனையையும் நட்சத்திரங்களையும் எண்ணி முதல் சுற்றை முடிவுசெய்யும் போட்டிகளுக்கு நாவலை அனுப்புவது பற்றியும் கேட்கிறார்கள். அங்கே நண்பர் பட்டாளம் பெரிதாக இருப்பவர் முன்னே போவார். நேரம் இருந்தால் அனுப்புங்கள், நம்பி உட்காராதீர்கள்.

ஓவியப் போட்டி, பாத்திரத்துக்குப் பெயர் வைக்கும் போட்டி ஆகியவை இரண்டாம் பாகத்துக்கு அழகாக இருக்கும். முதல் பாகத்துக்கு யாருடைய முகத்தை வரைவார்கள்?

அறிவிப்பே போதும் என்கிற இடங்களும் உண்டு. பிரதிலிபி போன்ற இணையக் கதைத் தளத்திலோ வார இதழிலோ தொடராக வந்து, அடுத்த வாரம் எப்போது என்று கேட்கும் வாசகர்கள் ஏற்கெனவே இருந்தால், போட்டி வேண்டியதே இல்லை. அட்டை, விலை, தேதி மூன்றையும் சொல்லி முன்பதிவைத் திறந்துவிடுங்கள். சிறுவர்களுக்கான ஃபேண்டஸி என்றாலும் வழி வேறு. வாங்குவது பெற்றோர், படிப்பது பிள்ளை. பள்ளி நூலகரிடமும் ஆசிரியரிடமும் புத்தகத்தை நேரில் கொண்டுபோய்க் காட்டுவதுதான் அங்கே அறிவிப்பு. ஏற்கெனவே வேறு வகை நாவல்களில் பெயர் பெற்றவர் முதன்முறையாக ஃபேண்டஸிக்கு வந்தால்தான் எனக்கே குழப்பம் வரும். அவருடைய வாசகர்கள் அறிவிப்பைப் பார்ப்பார்கள், ஆனால் இந்தக் கதை அவர்களுக்கானதுதானா என்று தயங்குவார்கள். அங்கே இரண்டு அத்தியாயத்தை இலவசமாகக் கொடுத்து, பரிசு எதுவும் வைக்காமல் கேள்வியை மட்டும் கேட்டுப் பார்க்கச் சொல்வேன்.

முடிவு நாளைத் தள்ளிப்போடாதீர்கள். ஒருமுறை நடுவர் ஊருக்குப் போய்விட்டார் என்று நாங்கள் இரண்டு வாரம் தாமதித்தோம். எழுதியவர்களில் சிலர் வருத்தப்பட்டு எழுதிய மின்னஞ்சலுக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. நடுவர்கள் இருவராக இருக்கட்டும். பரிசு கிடைக்காத பதில்களிலிருந்தும் ஒன்றிரண்டு நல்ல வரிகளை எழுதியவரின் சம்மதத்தோடு வெளியிடுங்கள்.

ஃபார்மின் கடைசியில் ஒரு கட்டம் வையுங்கள்: "இரண்டாம் பாகம் வரும்போது உங்களுக்குத் தெரிவிக்கலாமா?" ஆம் என்று குறியிட்டவர்களின் முகவரியை வேறெதற்கும் பயன்படுத்தாமல் பத்திரமாக வைத்திருங்கள். ஒன்றரை ஆண்டு கழித்து இரண்டாம் பாகத்தின் அறிவிப்பு முதலில் அவர்களுக்குப் போகட்டும், ஃபேஸ்புக்குக்கு மறுநாள் போகலாம். அந்தக் கடிதத்தில் விலைக்கும் கழிவுக்கும் முன்னால், காவலனை ராணி என்ன செய்தாள் என்று சொல்லும் வரியைப் போடுங்கள்.